காது கேளாத, பார்வையற்ற மாணவர்களுக்கான பள்ளி உளவியலாளர்: பணி தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

சிறப்புப் பள்ளியில் பணியில் சேரும் உளவியலாளரின் மேசைக்கு முதல் வாரத்திலேயே ஒரு கோப்புக் கட்டு வந்து சேரும். ‘படிப்பு ஏறவில்லை’, ‘சொல் பேச்சுக் கேட்பதில்லை’, ‘தனியாகவே இருக்கிறாள்’, ‘மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளதா எனப் பார்க்கவும்’ என்ற குறிப்புகள் அவற்றின் மேல் எழுதப்பட்டிருக்கும். உடனே சோதனைப் பெட்டியைத் திறந்துவிடத் தோன்றும். சில வாரங்களுக்கு அதைத் திறக்காமல் இருப்பது நல்லது. இந்தப் பிள்ளைகளில் பலரிடம் அறிவுக் குறையாகவும் நடத்தைக் குறையாகவும் தென்படுவது, பிறந்தது முதல் அவர்களுக்குச் சொல்லப்படாமலும் காட்டப்படாமலும் போனவற்றின் விளைவாக இருக்கக்கூடும். ஆகவே கோப்பைப் படிக்கும்போதும், சோதனை செய்யும்போதும், அறிக்கை எழுதும்போதும், ‘இது இந்தப் பிள்ளையை எட்டியிருக்கிறதா?’ என்ற கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டிலுள்ள உறைவிடச் சிறப்புப் பள்ளிகளை மனத்தில் வைத்து, எந்த வேலையை எந்த வரிசையில் செய்யலாம் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

தகுதியும் சட்டமும்

முதலில் உங்கள் பதிவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கழகம், மருத்துவ உளவியலாளர், மறுவாழ்வு உளவியலாளர் ஆகியோருக்குத் தனித்தனிப் பிரிவுகளில் பதிவு வழங்குகிறது. உளவியலில் முதுகலைப் பட்டம் மட்டும் பெற்றவர் பள்ளியில் ஆலோசகராகப் பணியாற்றலாம். ஆனால் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு அடிப்படையாகும் மதிப்பீட்டு அறிக்கையில் கையெழுத்திட முடியாது. தலைமையாசிரியர் அவசரப்படுத்தினாலும் இந்த எல்லையைத் தாண்டாதீர்கள். பதிவுள்ளவர் பள்ளியில் இல்லையெனில், முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ பிள்ளையை அனுப்பலாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தரும் வரையறைகளை மனப்பாடமாக வைத்திருங்கள். இரு காதுகளிலும் பேச்சொலி அலைவரிசைகளில் 70 டெசிபல் இழப்பு உள்ளவரைக் காது கேளாதவர் என்றும், 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு உள்ளவரைக் கேட்டல் குறைந்தவர் என்றும் அது வகுக்கிறது. கண்ணாடி போட்ட பின்னும் நல்ல கண்ணின் பார்வை 3/60க்குக் குறைவாக இருந்தாலோ, பார்வைப் புலம் 10 பாகைக்குக் குறைவாக இருந்தாலோ அது பார்வையின்மை ஆகும். இதிலிருந்து ஒரு நடைமுறை உண்மை விளங்கும். பார்வையற்றோர் பள்ளியின் பிள்ளைகள் எல்லாரும் முழு இருளில் வாழ்பவர்கள் அல்லர். ஒளி தெரிபவர், நிறம் தெரிபவர், பெரிய எழுத்தை மூக்கருகே வைத்துப் படிப்பவர் என்று ஒரே வகுப்பில் பல நிலையினர் இருப்பார்கள். காது கேளாதோர் பள்ளியிலும் இடி ஓசை மட்டும் கேட்பவர் முதல் கருவியுடன் தொலைபேசியில் பேசுபவர் வரை இருப்பார்கள். சான்றிதழிலுள்ள சதவீதத்தை நம்பி யாரையும் அணுகாதீர்கள்.

முதல் மாதம்: பழகுதல்

காது கேளாதோர் பள்ளியில் முதல் மாதத்தின் பெரும்பகுதி சைகை மொழி கற்பதிலேயே செல்ல வேண்டும். 2015இல் புதுதில்லியில் தொடங்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் வெளியிட்டுள்ள அகராதியில் பத்தாயிரம் சொற்கள் உள்ளன. காணொளிகளைப் பார்த்து அடிப்படையைக் கற்றுக்கொள்ளலாம். ஆயினும் விடுதியில் பிள்ளைகள் பேசும் சைகை அந்தப் பள்ளிக்கே உரியதாக இருக்கும். பெரிய வகுப்புப் பிள்ளைகளிடமிருந்து சிறியவர்களுக்கு இறங்கி வந்த மொழி அது. பாளையங்கோட்டை போன்ற ஊர்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே இத்தகைய பள்ளிகள் இயங்கிவருவதால், ஒரு சைகைக்கு மூன்று தலைமுறை வரலாறு இருப்பதும் உண்டு. மாலையில் விளையாட்டுத் திடலில் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதைக் கற்றுக்கொள்ளுங்கள். சில நாட்களில் அவர்களே உங்களுக்கு ஒரு பெயர்ச் சைகை வைப்பார்கள். அது உங்கள் வழுக்கையையோ மச்சத்தையோ குறிப்பதாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். அவர்களிடையே அது கேலி ஆகாது.

பேசும்போது வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும். சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் உங்கள் முகம் நிழலாகிவிடும். அழைப்பதற்குத் தோளை மெல்லத் தட்டலாம், விளக்கை ஒருமுறை அணைத்துப் போடலாம், மர மேசையையும் தட்டலாம். உதட்டசைவைப் படித்துவிடுவார்கள் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். கண்ணாடி முன் நின்று ஒலியில்லாமல் ‘அப்பா’ என்றும் ‘அம்மா’ என்றும் சொல்லிப் பாருங்கள். உதடுகள் ஒரே மாதிரிதான் அசையும். ‘படம்’, ‘மடம்’ என்பவற்றுக்கும் அதே கதி. ககரமும் ஙகரமும் வாயின் உட்புறத்திலேயே பிறந்து மறைந்துவிடுகின்றன. தமிழை உதட்டிலிருந்து படிப்பவர் பாதியைச் சூழலிலிருந்து ஊகிக்கிறார். சூழல் மாறினால் ஊகமும் தவறுகிறது.

பார்வையற்ற மாணவரிடம் செல்லும்போது பெயரைச் சொல்லி உள்ளே வாருங்கள், சொல்லிவிட்டு வெளியேறுங்கள். வெற்று நாற்காலியோடு ஒரு பிள்ளையைப் பேசவைத்துவிட்டுப் போவது கொடுமை. கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் முழங்கையை அவர் பற்றிக்கொள்ளும்படி நீட்டுங்கள். அறையில் மேசையை நகர்த்தினால் தெரிவியுங்கள். கதவைப் பாதி திறந்து வைக்காதீர்கள். நம் பேச்சில் சுட்டுச் சொற்கள் மிகுதி என்பது இங்கு வந்த பிறகுதான் உறைக்கும். ‘இதோ’, ‘அதோ’, ‘அங்கே வை’ என்பவை அந்தப் பிள்ளைக்கு எதையும் சொல்வதில்லை. ‘உன் வலக்கைக்கு ஒரு சாண் தள்ளி’ என்றால் புரியும். ‘பார்’ என்ற சொல்லை மட்டும் தவிர்க்க வேண்டியதில்லை. நேற்றிரவு கிரிக்கெட் பார்த்ததாக அவர்களே சொல்வார்கள்.

சோதனைக்கு முன்

கோப்பில் தேட வேண்டியவை சில: குறைபாடு பிறவியிலேயே வந்ததா, மொழி வந்த பிறகு ஏற்பட்டதா, எந்த வயதில் கண்டுபிடிக்கப்பட்டது, கருவி எப்போது கிடைத்தது, வீட்டில் பேசும் மொழி எது, வீட்டில் யாருக்காவது சைகை தெரியுமா. ஒன்றரை வயதில் மூளைக்காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்த பிள்ளையும் ஏழு வயதில் இழந்த பிள்ளையும் ஒரே கேட்டல் அளவுடன் வந்தாலும், மொழியைப் பொறுத்தவரை இருவருக்கும் இடையே பெருந்தொலைவு இருக்கிறது.

பிறகு கருவியைப் பாருங்கள். செவித்துணைக் கருவியில் மின்கலம் உயிரோடு இருக்கிறதா, காது அச்சு சிறியதாகிவிட்டதா, கண்ணாடி பழைய அளவுக்கானதா என்று பாருங்கள். காது கேளாத ஒவ்வொரு பிள்ளைக்கும் கண் பரிசோதனையும், பார்வையற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் காது பரிசோதனையும் நடந்திருக்க வேண்டும். எஞ்சிய ஒரு புலனில் சிறு குறை இருந்தாலும் இழப்பு இரட்டிப்பாகும். பார்வையற்ற சிறுவன் ஒருவனின் ‘கவனக்குறைவு’ காதுச் சீழுக்கு மருந்து போட்டவுடன் தீர்ந்ததை நான் கண்டிருக்கிறேன்.

சோதனையைத் தேர்தலும் நடத்தலும்

பொதுவாகச் சொன்னால், காது கேளாதவருக்குச் சொல் சாராத சோதனைகளும், பார்வையற்றவருக்குச் சொல் சார்ந்த சோதனைகளும் பொருந்தும். ரேவனின் வண்ணப் படிநிலை அணிகள், செகுவின் வடிவப் பலகை, லைட்டர் அளவுகோல் ஆகியவை முதல் வகை. மாலின் என்பவர் இந்தியக் குழந்தைகளுக்காகத் தகவமைத்த நுண்ணறிவு அளவுகோலின் சொற்பகுதியைப் பார்வையற்றோருக்குப் பயன்படுத்துகிறோம். ஆனால் பெட்டியின் மேல் ‘செயல்திறன் சோதனை’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. பாட்டியாவின் செயல்திறன் தொகுப்பிலுள்ள ஐந்து உறுப்புகளில் ஒன்று, காதால் கேட்ட எண்களைத் திருப்பிச் சொல்லும் உடனடி நினைவுச் சோதனை. காது கேளாத பிள்ளைக்கு அதைக் கொடுத்தால் நினைவு அளக்கப்படாது. பார்வையற்றவருக்கான சொற்பகுதியிலும், கண்டிருந்தால் மட்டுமே விடை தெரியக்கூடிய கேள்விகள் இருக்கின்றன. ஒவ்வொரு வினாவையும் முன்கூட்டியே படித்து, எதை விடுவது, எதைத் தொட்டுணரும் பொருளாக மாற்றுவது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாற்றிய ஒவ்வொன்றையும் அறிக்கையில் எழுதுங்கள். மாற்றப்பட்ட முறைக்கு, மதிப்பெண்ணை அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட உதவும் பழைய நியம அட்டவணை முழுமையாகப் பொருந்தாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

காது கேளாத பிள்ளையின் சொற்பகுதி மதிப்பெண்ணையும் செயற்பகுதி மதிப்பெண்ணையும் கூட்டி ஒரே நுண்ணறிவு ஈவாக (ஐ.க்யூ.) எழுதிவிடும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் ஆகப் பெரியது இதுவே என்பேன். சொற்பகுதி அங்கே தமிழ் அறிவை அளக்கிறது. கூட்டல் முடிந்ததும் நல்ல அறிவுள்ள பிள்ளை மனவளர்ச்சி குன்றியவராகிவிடுகிறார், அந்தத் தாள் அவரோடு பல ஆண்டுகள் போகிறது.

மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றுக்கான அச்சிட்ட வினாத்தாள்களிலும் இதே ஆபத்து உண்டு. தமிழ்ச் சொல்லின் பொருள் அதன் விகுதிகளில் தங்கியிருக்கிறது. ‘கொடுத்தான்’, ‘கொடுக்கச் சொன்னான்’, ‘கொடுக்கப்பட்டது’ ஆகிய மூன்றையும் படிக்கும் காது கேளாத மாணவர் பலர் ‘கொடு’ என்பதை மட்டும் பற்றிக்கொண்டு மீதியை ஊகிக்கிறார்கள். ‘கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஈடுபாடு இல்லாதது போல் உணர்ந்தீர்களா?’ என்ற வாக்கியத்துக்கு அவர்கள் இடும் குறி உங்களுக்கு எதையும் சொல்லாது. சைகையில் கேளுங்கள்; கேட்ட பிறகு, ‘நான் என்ன கேட்டேன், நீ சொல்’ என்று திருப்பிக் கேளுங்கள். புரியாமலே தலையாட்டும் பழக்கம் இந்தப் பிள்ளைகளிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. தலையாட்டினால்தான் பெரியவர்கள் நகர்ந்துபோவார்கள் என்பது அவர்களின் அனுபவம்.

பார்வையற்றவருக்கு நேரக் கணக்கு இடையூறாகும். பிரெயிலை விரலால் படிப்பது அச்செழுத்தைக் கண்ணால் படிப்பதைவிட மெதுவானது. மணியடித்து நிறுத்தும் சோதனையில், நேரத்துக்குள் கிடைத்த மதிப்பெண்ணையும் நேரம் கடந்து கிடைத்த மதிப்பெண்ணையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

நடத்தையைப் படித்தல்

காது கேளாத பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்கிறார்கள், யாரோ எதையோ சொல்லச் சிரிப்பு எழுகிறது, பிள்ளை அம்மாவின் கையைத் தொட்டு என்னவென்று கேட்கிறது, ‘ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன்’ என்று விடை வருகிறது. அந்த ‘அப்புறம்’ பெரும்பாலும் வருவதில்லை. மாமா ஏன் கோபித்துக்கொண்டு போனார், பாட்டியின் வளையல் ஏன் அடகுக் கடைக்குப் போனது, பக்கத்து வீட்டில் ஏன் அழுகிறார்கள் என்பவற்றை மற்றப் பிள்ளைகள் அடுப்பங்கரையில் ஒட்டுக்கேட்டே கற்கிறார்கள். பிறர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்கும் திறனுக்கு இந்த ஒட்டுக்கேட்டல்தான் உரம். அத்திறனைச் சோதிக்கும் பணிகளில் காது கேளாத பிள்ளைகள் பிந்துவதை 1995இல் பீட்டர்சன், சீகல் என்ற இரு ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியாவில் காட்டினர். பின்னர் வந்த ஆய்வுகளில், சைகை மொழி பேசும் காது கேளாத பெற்றோரின் பிள்ளைகளிடம் அந்தப் பின்னடைவு காணப்படவில்லை. காரணம் காதில் இல்லை, உரையாடலின் பஞ்சத்தில் இருக்கிறது. எனவே ‘பிடிவாதம்’, ‘சுயநலம்’, ‘திருட்டு’ என்ற குற்றச்சாட்டுகளோடு வரும் பிள்ளைக்கு, விதி சொல்லப்பட்டதா, விதிக்கான காரணமும் சேர்த்துச் சொல்லப்பட்டதா என்று முதலில் விசாரியுங்கள்.

பார்வையற்ற சிறு பிள்ளைகள் முன்னும் பின்னும் ஆடுவதும், கண்ணை விரலால் அழுத்துவதும், சொன்னதையே திருப்பிச் சொல்வதும், ‘நான்’, ‘நீ’ என்பவற்றை மாற்றிச் சொல்வதும் பரவலாகக் காணப்படும். ஆட்டிசத்துக்கான பட்டியலை எடுத்து வைத்தால் இவற்றில் பல பொருந்திவிடும். அவசரப்பட்டு முடிவெழுதாமல், பிள்ளை பழகியவரிடம் குரலாலும் தொடுதலாலும் உறவாடுகிறதா, புதிய பொருளைக் கையில் கொடுத்தால் ஆராய்கிறதா, பயிற்சியால் அந்த அசைவுகள் குறைகின்றனவா என்று சில மாதங்கள் கவனியுங்கள். ஒளியே தெரியாதவருக்கு உடற்கடிகாரம் பகலிரவோடு ஒத்துப்போகாமல் நாளுக்கு நாள் தள்ளிப்போகலாம். வகுப்பில் தூங்குபவனைச் சோம்பேறி என்று முடிவுகட்டும் முன் இரண்டு மாதத் தூக்கக் குறிப்பை எழுதிவையுங்கள். பார்வை குறைந்துவரும் ஒருவர், இல்லாத உருவங்கள் தெரிவதாகச் சொன்னால் அது சார்லஸ் போனே நோய்க்குறியாக இருக்கலாம். அவை உண்மையல்ல என்பது அவருக்கே தெரிந்திருந்தால், மனநோய் மருந்துக்கு விரைய வேண்டாம், கண் மருத்துவரிடம் முதலில் அனுப்புங்கள். பலத்த மழை நாளில் பார்வையற்ற பிள்ளை அறையை விட்டு வரத் தயங்குவதற்கும் காரணம் உண்டு. தகரக் கூரையில் விழும் மழையின் இரைச்சல், அவர் வழிகாட்டியாகக் கொண்டிருந்த ஒலிகள் எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடுகிறது.

காது கேளாத வளரிளம் பருவத்தினர் இருட்டியபின் வெளியே வர மறுத்தால், மங்கலான நடைபாதையில் இடித்துக்கொண்டால், பக்கவாட்டிலிருந்து செய்யும் சைகையைத் தவறவிட்டால், உடனே விழித்திரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அஷர் நோய்க்குறியில் பெரும்பாலும் பிறவியிலேயே கேட்கும் திறன் குறைந்திருக்கும், பார்வை பின்னர் மாலைக்கண்ணாகத் தொடங்கிச் சுருங்கும். அதன் முதல் வகையில் சமநிலைக் குறையும் இருப்பதால், ஒன்றரை வயதுக்குப் பிறகே நடக்கத் தொடங்கியதாகத் தாய் சொல்லக்கூடும். இதை முதலில் கவனிக்கும் வாய்ப்பு மருத்துவரைவிட விடுதியில் பழகும் உங்களுக்கே அதிகம்.

தனி ஆலோசனை

காது கேளாதவரின் ஆலோசனை அறைக்குத் திரை வேண்டும். சைகை கண்ணுக்குத் தெரியும் தூரம்வரை பேச்சு ‘கேட்கிறது’. சன்னல் திறந்திருந்தால் திடல் முழுதும் கேட்கும். பார்வையற்றவரின் அறைக்குச் சுவர் வேண்டும். அறையில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டும். உங்கள் சைகை போதாதபோது மொழிபெயர்ப்பாளரை அழையுங்கள், ஆனால் வகுப்பாசிரியரையோ விடுதிக் காப்பாளரையோ அண்ணன் தங்கையையோ அந்த இடத்தில் உட்காரவைக்காதீர்கள். புகார் அவர்கள் மீதே இருக்கலாம்.

உணர்ச்சிகளுக்கான சொல்வளம் இருவரிடமும் வேறு வேறு விதமாகக் குறைந்திருக்கும். காது கேளாத பிள்ளையிடம் படம், நாடகம், வாரத்தின் நாட்களைக் குறித்த முடிச்சுக் கயிறு ஆகியவை உதவும். பார்வையற்ற பிள்ளையிடம் களிமண்ணும் கதையும் உதவும். உடலையும் பாலினத்தையும் பற்றிய கல்வியை நீங்களே பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். பார்வையற்ற பிள்ளை எதிர்ப்பாலினத்தாரின் உடலமைப்பைக் கண்டதில்லை, காது கேளாத பிள்ளை அதைப் பற்றிய பேச்சைக் கேட்டதில்லை. நாள் முழுதும் பலர் கைபிடித்து நடத்தும் பார்வையற்ற பிள்ளைக்கு, தொடுதலை மறுக்கும் உரிமை தனக்கு உண்டு என்பதைச் செய்துகாட்டியே கற்பிக்க வேண்டும்.

பாலியல் அத்துமீறல் பற்றிய செய்தி வந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல் துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. பள்ளி விசாரித்து முடிக்கட்டும் என்று காத்திருக்க உரிமையில்லை. தெரிவிக்கத் தவறுவது 21ஆம் பிரிவின்படி குற்றம். நிறுவனப் பொறுப்பாளருக்குத் தண்டனை இன்னும் கூடுதல். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் பயன்படுத்தலாம். பிள்ளையின் பேச்சு முறையை அறிந்தவர் அல்லது சிறப்பாசிரியரின் உதவியோடு வாக்குமூலம் பெற 26, 38ஆம் பிரிவுகள் இடமளிக்கின்றன. அதைக் காவல் அலுவலருக்கு நினைவூட்டுங்கள். நீங்கள் குறிப்பெடுக்கும்போது பிள்ளை செய்த சைகையின் வடிவத்தையே எழுதுங்கள், அதற்கு நீங்கள் கொண்ட பொருளை வேறு பத்தியில் எழுதுங்கள். பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள்.

பெற்றோரும் தேர்வும்

தமிழ்நாட்டில் சொந்தத்தில் திருமணம் செய்துகொண்ட பெற்றோர் பலர் இந்தப் பள்ளிகளுக்கு வருகிறார்கள். மரபுக் காரணத்தை விளக்கும் வேலையை மரபியல் ஆலோசகரிடம் விடுங்கள். ‘தாய்மாமனைக் கட்டியதால்தானே’ என்று ஊரார் ஏற்கெனவே போதுமான அளவு சொல்லியிருப்பார்கள். அவர்களுக்கு விடுமுறைக்கு முன் இருபது சைகைகளைக் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள். அவற்றுள் ‘ஏன்’, ‘நாளை’, ‘எனக்குப் பிடிக்கவில்லை’ ஆகியவை கட்டாயம் இருக்கட்டும். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், உட்செவியில் அறுவை மூலம் வைக்கும் காக்ளியர் கருவி பொருத்தப்படுகிறது. அறுவை முடிந்த பிறகு தொடரும் பயிற்சியில்தான் பலன் இருக்கிறது என்பதையும், சைகை கற்பதால் பேச்சு கெடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பொதுத் தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகளுக்கு விண்ணப்பம் முன்கூட்டியே போக வேண்டும். எழுதுபவரோடு மாணவர் பலமுறை பழகிப் பார்க்கவும் ஏற்பாடு செய்யுங்கள். தேர்வு நாளில்தான் முதன்முதலில் சந்திக்கிறார்கள் என்றால் அந்தக் கூடுதல் மணி நேரம் அறிமுகத்திலேயே போய்விடும்.

அறிக்கையைப் பிள்ளைக்குச் சொல்லுதல்

அறிக்கை கோப்புக்குள் போகும் முன் அதைப் பிள்ளையிடமே சொல்லுங்கள்: காது கேளாதவருக்குச் சைகையில், பார்வையற்றவருக்கு வாய்மொழியாக அல்லது பிரெயிலில். மறுப்பு இருந்தால் அதையும் அறிக்கையில் சேருங்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனைப் பற்றி, இரவு மூன்று மணிக்கு விழித்து நடமாடுகிறான் என்று விடுதியிலிருந்து வந்த புகாருக்கு, ஒளியுணர்வின்மையால் உடற்கடிகாரம் தள்ளிப்போயிருக்கலாம் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். படித்துக் காட்டியதும் சிரித்துவிட்டான். காலை வரிசையில் தன்னைத் தள்ளிவிட்டு மற்றவர்கள் வாளியை எடுத்துப்போவதால், முன்கூட்டியே எழுந்து தண்ணீர் பிடித்துவைப்பதாகச் சொன்னான். அந்த இரண்டு பக்கத்தையும் அடித்துவிட்டு, அவன் சொன்னதை அவன் வார்த்தையிலேயே எழுதி, அவனுக்குத் தனி வாளியும் குளிக்கும் நேரமும் ஒதுக்க வேண்டும் என்று பரிந்துரைத்துக் கையெழுத்திட்டேன்.